செய்முறைப் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள்

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், விஞ்ஞான பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் மற்றும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

தரம் 10, 11 விஞ்ஞான பாடத்தின் செய்முறைப் பாடவேளைகளை இத்தவணையிலிருந்து கடந்தகால வினாத்தாள் பயிற்சிக்கு ஒதுக்குமாறு தங்கள் அலுவலகத்திலிருந்து அறிவுறுத்தல் வந்திருக்கிறது. ‘வேலை, சக்தி, வலு’ அலகுக்கான பரிசோதனைகளைக் காணொளியில் காட்டினால் போதும் என்றும் அதில் இருக்கிறது. பெறுபேற்றை உயர்த்துவதுதான் நோக்கம் என்கிறீர்கள். நோக்கத்தோடு எங்களுக்குப் பிணக்கில்லை. இந்த வழியில் போனால் பெறுபேறு இறங்கும் என்பதைத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இந்த அலகைக் கற்பிக்கிற நாங்கள் கணக்கோடு எழுதுகிறோம்.

முதலில் காணொளி. தமிழில் தேடினால் கிடைக்கிற பௌதிகவியல் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பிள்ளைகளுக்கு அவை நல்லவை. எங்கள் பிள்ளைகளுக்கு அவை குழி வெட்டுகின்றன. அங்கே ‘நிறை’ என்பது கிலோகிராமில் அளப்பது. நாம் அதைத் ‘திணிவு’ என்கிறோம். நமக்கு ‘நிறை’ என்றால் நியூற்றனில் அளக்கிற விசை. அவர்கள் அதை ‘எடை’ என்பார்கள். இரண்டு வாரம் காணொளி பார்த்த பிள்ளையிடம் “நிறை 50 நியூற்றன் கொண்ட பொருளை 2 மீற்றர் உயர்த்தச் செய்யும் வேலை யாது?” என்று கேட்டுப் பாருங்கள். 50 × 10 × 2 என்று போட்டு 1,000 யூல் என்று எழுதும். விடை 100 யூல். நிறையைத் திணிவென்று எடுத்து, புவியீர்ப்பு ஆர்முடுகலான பத்தால் மறுபடி பெருக்கியிருக்கிறது. பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், சொல்தான் காலை வாரிவிட்டது.

‘திறன்’ இன்னும் மோசம். அங்கே அது நமது ‘வலு’, அதாவது வேலை செய்யப்படும் வீதம். இங்கே திறன் என்றதும் பிள்ளைக்கு நினைவுக்கு வருவது வினைத்திறன், அதாவது கொடுத்த சக்தியில் பயன்பட்ட பங்கு. ‘அழுத்தம்’ என்றால் அங்கே நாம் அமுக்கம் என்று படிப்பிப்பது. அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, நமது பாடநூலில் ‘ஈர்ப்பு அழுத்த சக்தி’ (உயரத்தில் இருப்பதால் பொருளில் உள்ள சக்தி) என்ற சொல்லைக் கண்டதும் அமுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறது. அணைக்கட்டில் தேங்கிய நீரில் உள்ளது எவ்வகைச் சக்தி என்ற வினாவுக்கு ‘நீரின் அமுக்க சக்தி’ என்று விடைத்தாளில் வருவது இப்படித்தான். வினாத்தாள் பயிற்சி இதைத் திருத்தாது. அது சரியான விடையைக் கொடுக்கும், எந்தச் சொல்லில் வழுக்கியது என்று காட்டாது.

இனிப் பரிசோதனைக்கு வருகிறோம். ‘இந்த அலகுக்கு உபகரணம் தேவையில்லை, சூத்திரம் போதும்’ என்ற கருத்து எங்கிருந்து வந்ததென்று எங்களுக்குத் தெரியவில்லை. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பதை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதினாலும், ‘வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி எத்தனை மடங்காகும்?’ என்றால் பாதி வகுப்பு ‘இரண்டு’ என்றுதான் சொல்லும். ஒரு கண்ணாடிக் குண்டும் ஒரு துண்டுக் குழாயும் இருந்தால் இந்தப் பிழையை ஒரே இரட்டைப் பாடவேளையில் தீர்க்கலாம்.

நெடுகப் பிளந்த 2 அங்குலப் பீ.வி.சி. குழாய், ஒன்றரை மீற்றர். அதன் கீழ்முனை 30 சென்ரிமீற்றரை மேசையில் மட்டமாக வைத்து, முனை மேசை விளிம்போடு சரியாக முடியும்படி ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். மறுமுனையைப் புத்தகங்களின் மேல் உயர்த்தினால் குழாய் தானே வளைந்து கொடுக்கும். விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டுத் தரையில் பூச்சியப் புள்ளியைக் குறிக்க வேண்டும். குண்டு விழும் இடத்தில் வெள்ளைத் தாள், அதன் மேல் காபன் தாள். குண்டை 5 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டு விழுந்த தூரத்தை அளக்க வேண்டும். பிறகு 10, 15, 20. மேசை உயரம் 80 சென்ரிமீற்றர் என்றால், 5 சென்ரிமீற்றரிலிருந்து விட்ட குண்டு ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் தள்ளி விழும்; 20 சென்ரிமீற்றரிலிருந்து விட்டது 68க்குக் கிட்ட விழும். குண்டு மேசையிலிருந்து தரைக்கு வர எடுக்கும் நேரம் எப்போதும் ஒன்றே; ஆகவே தூரம் இரண்டு மடங்கு என்றால் வேகமும் இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு உயரம் தேவைப்பட்டது. நிறுத்தற் கடிகாரம்கூட வேண்டாம். தன் கையால் நான்கு புள்ளியைக் காபன் தாளில் விழுத்திய பிள்ளை பிறகு ‘இரண்டு’ என்று எழுதாது.

இதில் பிழைக்கிற இடங்கள் ஏராளம், பாடமே அங்கேதான் இருக்கிறது. உயரத்தைக் குழாயின் நீளத்தில் அளப்பார்கள். அளக்க வேண்டியது நிலைக்குத்து உயரம், குண்டின் மையத்திலிருந்து மையத்துக்கு. விரலால் விடும்போது தெரியாமல் தள்ளுவார்கள். குண்டுக்கு முன்னால் அடிமட்டத்தை வைத்துச் சட்டென்று எடுக்கப் பழக்க வேண்டும். குழாயின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் விட்டால் குண்டு பக்கவாட்டில் ஆடி ஆடி வரும், தாளில் புள்ளிகள் சிதறும். கீழ்முனை மட்டமாக இல்லாவிட்டால் குண்டு கிடையாகப் பறக்காது. அதைச் சோதிக்க முனையில் குண்டை வைத்துப் பார்த்தால் போதும்: உருளாமல் நிற்க வேண்டும்.

இதெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். அழுத்த சக்தி முழுவதும் இயக்கசக்தியானால் 20 சென்ரிமீற்றரிலிருந்து விட்ட குண்டு 80 சென்ரிமீற்றர் தள்ளி விழ வேண்டும். விழுவது 68க்குச் சற்று முன்னால். ‘உராய்வு’ என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். அது பிழையான விடை. வழுவழுப்பான குழாயில் உராய்வு எடுப்பது ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான். குண்டு உருளுகிறது, அதன் சக்தியில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சியில் போகிறது, ஏழில் ஐந்து பங்குதான் முன்னோக்கிய இயக்கத்துக்கு மிஞ்சுகிறது. குழாய்க்குப் பதில் செங்கோண வாய்க்கால் போன்ற அலுமினியச் சட்டத்தில் விட்டால் குண்டு இரு பக்கமும் தொட்டு உருளும், அதே தூரத்துக்கு அதிகம் சுழலும், தூரம் 60க்கு இறங்கும். சுழற்சி இயக்கசக்தி உயர்தரத்தில்தான் வருகிறது என்பது உண்மை. ஆனால் ‘காணாமற்போன சக்தி எங்கே?’ என்று தரம் 10இல் ஒரு பிள்ளை தேடத் தொடங்கினால் அந்தப் பிள்ளைதான் பிறகு உயர்தரத்தில் பௌதிகவியலை எடுக்கும். காணொளியில் இந்தக் கேள்வி எழ வாய்ப்பே இல்லை. அங்கே விடை எப்போதும் சரியாகவே வந்துவிடுகிறது.

இன்னொரு பரிசோதனை, தரம் 11இல் வெப்பத்தோடும் மின் உபகரணங்களின் வலுவோடும் சேர்ந்து வருவது. ஆசிரியர் ஓய்வறைக் கேத்தல் போதும். ஒரு லீற்றர் தண்ணீர், தொடக்க வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 94 பாகையில். ஏற்றம் 76 பாகை; ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 4,200 யூல் வேண்டும் என்பதால் தண்ணீர் பெற்ற வெப்பம் 4,200 × 76, அதாவது 319,200 யூல். 1,500 வாற்றுக் கேத்தல் இதை 213 செக்கனில் கொடுத்துவிட வேண்டும். கடிகாரம் 250 காட்டினால் வினைத்திறன் 85 வீதம். மீதி கேத்தலின் உடலுக்கும் அறைக்கும் ஆவிக்கும் போயிற்று.

வினாத்தாளில் பழகிய பிள்ளை இங்கே என்ன செய்கிறது தெரியுமா? வெப்பமானி 94இல் நின்றுவிட்டாலும் அட்டவணையில் 100 என்று எழுதுகிறது. ‘வெப்பமானி பழுது’ என்று ஓரத்தில் குறிப்பும் போடுகிறது. கண்ணெதிரே உள்ளதை விட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுதப் பழக்கியது நாம்தான். தான் வாழும் மலை கடற்கரையைவிட உயரம், அங்கே வளிமண்டல அமுக்கம் குறைவு, அதனால்தான் பருப்பு வேக நேரமாகிறது என்பதை ஒரு மலையகப் பிள்ளை கொழும்புப் பிள்ளையைவிட முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும்.

அதே கேத்தலில் வேறொரு பாடமும் உண்டு. தோட்டத்தின் கடைசி மின்கம்பத்தில் மாலை வேளையில் வோல்ற்றளவு 230இலிருந்து 200க்கு இறங்கினால் 1,500 என்று எழுதிய கேத்தல் எடுக்கும் வலு ஏறத்தாழ 1,130 வாற்றுத்தான். வலு வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. அன்று வினைத்திறனைக் கணக்கிட்டால் 64 வீதம் என்று வரும், பிள்ளை கேத்தலைக் குறை சொல்லும். மல்ரிமீற்றரால் வோல்ற்றளவை அளந்த பிறகு மறுபடி கணக்கிட்டால் 85 வீதம் வரும். (மின்செருகியில் அளப்பது ஆசிரியரின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல.)

நாங்கள் அதிகம் கவலைப்படுவது ‘வேலை’ என்ற சொல்லைப் பற்றி. தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு சமமான வழியில் நடந்தால், கூடையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, இடப்பெயர்ச்சி கிடையானது, ஆகவே அந்த விசை செய்த வேலை பூச்சியம். பாடநூல் சொல்வது சரி. அதைக் கேட்ட மறுகணம் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்: “அப்ப அம்மா செய்றது வேலை இல்லையா டீச்சர்?” தோட்டத் தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டுக்களத்தில் வேலை என்றால் ஒரு பேர் (முழு நாள்), அரைப்பேர் (அரை நாள்) என்று எண்ணிச் சம்பளம் போடுவது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் ‘பௌதிகவியலில் அது பூச்சியம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போக எங்களால் முடியாது. அறிவுறுத்தலின் கால அட்டவணை எங்களை அதைத்தான் செய்யச் சொல்கிறது.

சரியான பதிலுக்கு அரை மணி நேரம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை மேசைமேல் வையுங்கள், மேசை களைக்காது. அதே வாளியை நீட்டிய கையில் இரண்டு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள், கை நடுங்கும். வாளி இரண்டு இடத்திலும் உயரவில்லை. தசை நார்கள் விட்டுவிட்டுச் சுருங்கி உணவின் இரசாயனச் சக்தியை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கின்றன. மேசைக்கு அந்தத் தேவையில்லை. கூடைமேல் செய்யப்பட்ட வேலை பூச்சியம், உடல் செலவழித்த சக்தி பூச்சியம் அல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டினால்தான் பாடம் முடிகிறது.

பிறகு பணிய மலையிலிருந்து (தாழ்வான தேயிலை மலையிலிருந்து) கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏறுகிற கணக்கைப் போடலாம். 20 கிலோகிராம் கொழுந்து, 60 மீற்றர் நிலைக்குத்து உயரம்: 20 × 10 × 60, 12,000 யூல். சுமப்பவரின் 50 கிலோகிராம் உடலும் சேர்ந்துதான் ஏறுகிறது. மொத்தம் 42,000 யூல். தசையின் வினைத்திறன் ஏறத்தாழ கால்பங்கு என்பதால் உணவிலிருந்து எடுப்பது 168,000 யூல். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு பிளேன்டீயில் உள்ள சக்தி கிட்டத்தட்ட அதுதான். இன்னொரு பக்கம், மின்பட்டியலில் ஒரு யுனிட் என்பது 1,000 வாற்று ஒரு மணித்தியாலம், 3,600,000 யூல். அந்த 20 கிலோக் கொழுந்தை 60 மீற்றர் உயரத்துக்கு 300 தடவை ஏற்றினால்தான் ஒரு யுனிட். இந்த ஒப்பீட்டை ஒருமுறை செய்த பிள்ளை கிலோவாற்றையும் கிலோவாற்று மணித்தியாலத்தையும் குழப்புவதில்லை.

வலுவுக்குப் பாடசாலைப் படிக்கட்டே ஆய்வுகூடம். தோட்டப் பாடசாலைகளில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. 45 கிலோகிராம் பிள்ளை, 6 மீற்றர் நிலைக்குத்து உயரம், 12 செக்கன் என்றால் 225 வாற்று. கருங்கல் படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறும். ஒரு படியை அளந்து எண்ணிக்கையால் பெருக்கினால் பிழைக்கும். ஒவ்வொரு படியாக அளந்து கூட்ட வேண்டும்.

சக்திக் காப்பு விதியைப் பற்றி ஒரு சொல். ‘சக்தியை அழிக்க முடியாது என்றால் ஏன் மிச்சம் பிடிக்கச் சொல்கிறீர்கள்?’ என்பது புத்திசாலிப் பிள்ளையின் கேள்வி. பதில் ரம்பொடைப் பாதையில் இருக்கிறது. 10,000 கிலோகிராம் பஸ் ஒன்று நுவரெலியாவிலிருந்து 500 மீற்றர் உயரம் இறங்கும்போது 50,000,000 யூல் எங்காவது போக வேண்டும். அத்தனையும் பிரேக்கில் போனால், பிரேக்கின் இரும்பு 100 கிலோகிராம் என்று கொண்டு, வெளியே வெப்பம் போகாவிட்டால் வெப்பநிலை 1,100 பாகைக்கு மேல் ஏறும். உண்மையில் காற்று அதைக் குளிர்விக்கிறது; ஆனாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று சாரதிகள் சொல்வதன் கணக்கு இதுதான். அந்த யூல்கள் அழியவில்லை. காற்றில் கலந்து மெல்லிய சூடாகக் கிடக்கின்றன, யாராலும் மறுபடி பிடித்து பஸ்ஸை மேலேற்ற முடியாது. சென் கிளயர் அருவியும் இதையே காட்டும்: ஏறத்தாழ 80 மீற்றர் விழுகிற தண்ணீர் முழுச் சக்தியையும் வெப்பமாக்கினாலும் வெப்பநிலை ஏறுவது 0.2 பாகைக்கும் குறைவு. பாடசாலை வெப்பமானியில் ஒரு பாகைக்கு ஒரு கோடுதான். அளக்க முடியாது என்பதையும் பிள்ளை கணக்கிட்டே அறியலாம்.

நீர்மின்னைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலைகளின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் சக பொறியியலாளர் முன் வாதிட்டார். லக்ஷபான நீர்மின் நிலையத்தில் மின் உற்பத்தி தொடங்கியது 1950இல். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது ‘புதுப்பிக்கத்தக்க சக்தி முதல்’ என்ற ஒற்றை வரியாகவே போய்ச் சேர்கிறது. ஒரு கன மீற்றர் தண்ணீர் 100 மீற்றர் விழுந்தால் 1,000,000 யூல், கிட்டத்தட்ட கால் யுனிட். அவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவுதானா என்று பிள்ளை வியக்க வேண்டும். அப்போதுதான் அணை ஏன் அத்தனை பெரியது என்பது விளங்கும்.

உபகரணங்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உபகரணப் பெட்டியில் வருகிற விற்றராசு (விசையை அளக்கும் சுருள்வில் தராசு) 50 நியூற்றன் அளவுடையது. மரக்குற்றியை இழுக்க இரண்டு மூன்று நியூற்றன் போதும், முள் அசைவதே தெரியாது. தேவை 5 நியூற்றன் தராசு. மூடுபனிக் காலத்தில் தராசின் இரும்புப் படிக்கற்கள் துருப்பிடித்து 100 கிராம் என்று எழுதியது 100 கிராமாக இருப்பதில்லை. கடையின் இலத்திரனியல் தராசில் நிறுத்து உண்மைத் திணிவை ஒட்டிவைக்க வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய தடை இருப்புப் பதிவேடு. உடைந்தால் ஆசிரியர் தலையில் விழும் என்ற பயத்தில் வெப்பமானிகள் வருடக்கணக்கில் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. கணக்காய்வில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பிள்ளைகளின் கைக்கு ஒன்றும் வருவதில்லை.

உயர்தரப் பௌதிகவியலின் இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் செய்முறைகளை அடியொற்றியே வருகின்றன. தரம் 10இலும் 11இலும் ஒரு அளவீட்டைத் தன் கையால் எடுக்காத பிள்ளை அந்தப் பகுதியில் எழுதுவது மனப்பாடம்; வினா சற்றுத் திரும்பினாலே அது உதவாது. பெறுபேற்றைக் காரணம் காட்டிச் செய்முறையை நிறுத்துவது, நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு விளைச்சலை எண்ணக் காத்திருப்பது போன்றது.

ஆகவே தங்களிடம் கேட்பவை இவை. ‘வேலை, சக்தி, வலு’, ‘வெப்பம்’, ‘மின் உபகரணங்களின் வலுவும் சக்தியும்’ ஆகிய மூன்று அலகுகளுக்கும் வாரத்துக்கு ஓர் இரட்டைப் பாடவேளையைச் செய்முறைக்கென்று மறுபடி ஒதுக்கி, முன்னைய அறிவுறுத்தலைத் திருத்தி அனுப்புங்கள். வினாத்தாள் பயிற்சியை நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. அதை வேறு பாடவேளையில் செய்கிறோம்.

தர உள்ளீட்டு நிதியிலிருந்து பீ.வி.சி. குழாய், கண்ணாடிக் குண்டு, காபன் தாள், அளவு நாடா, 5 நியூற்றன் விற்றராசு, அற்ககோல் வெப்பமானி, ஒரு மல்ரிமீற்றர் ஆகியவற்றை அருகிலுள்ள நகரத்துக் கடையிலேயே வாங்க அதிபர்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். செய்முறையின்போது உடைகிற கண்ணாடிப் பொருட்களை ஆசிரியரிடம் அறவிடாமல் பதிவேட்டிலிருந்து கழிக்கும் ஒழுங்கையும் அதே கடிதத்தில் தெளிவுபடுத்துங்கள். இது இல்லாமல் முதற்கோரிக்கையால் பயன் குறைவு.

காணொளி கட்டாயம் என்றால், நமது பாடநூல் சொற்களில் இங்கேயே பதிவுசெய்வோம். அதுவரை வெளியிலிருந்து எடுத்த காணொளிகளை வகுப்பில் காட்டுமாறு பணிக்க வேண்டாம். மேலும், வலய மட்டத் தவணைப் பரீட்சையில் ஒரு வினாவாவது, பிள்ளை தானே எடுத்த அளவீட்டை வைத்து விடையெழுதுவதாக அமையட்டும். 94 என்று எழுதிய நுவரெலியாப் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும்படி புள்ளித்திட்டத்தில் குறிப்பிடுங்கள்.

இத்தவணை முடிவதற்குள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறோம். ஆசிரிய ஆலோசகர்கள் எந்தப் பாடசாலைக்கு வந்தாலும் மேற்சொன்ன நான்கு பரிசோதனைகளையும் ஒரே நாளில் செய்துகாட்டத் தயாராக இருக்கிறோம். முன்னறிவித்தல் தேவையில்லை.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் பௌதிகவியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள்